ஏரி இருந்த தெருவில் புதுக்கவிதை

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ சிற்றிதழ் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கியபோது தொம்மலூர் பெங்களூருவின் ஓரத்தில் கிடந்த ஊர். ஒரு பக்கம் இராணுவ நிலங்கள், இன்னொரு பக்கம் எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குப் போகும் சாலை, இடையில் ஏரி. அதே 1959இல்தான் கன்னடத்தில் கோபாலகிருஷ்ண அடிகாவின் ‘பூமிகீத’ வந்தது. பழைய கட்டுகளைத் தளர்த்திக்கொண்ட கவிதை இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் காலூன்றியது. தொம்மலூரில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இவை இரண்டும் எட்டாத தொலைவில் இருந்திருக்கும். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் ‘எழுத்து’ அச்சாகாது என்று செல்லப்பாவே அறிவித்திருந்தார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அந்த உச்சவரம்பைத் தொடும் ஆபத்து கடைசிவரை அதற்கு வரவில்லை.

இன்று தொம்மலூர் மேம்பாலத்துக்குக் கீழே பேருந்துக்கு நிற்கும் ஓர் இளைஞர் கைப்பேசியில் எழுதி முகநூலில் ஏற்றும் கவிதை, மதியச் சாப்பாட்டுக்குள் அந்த இரண்டாயிரத்தைத் தாண்டிவிடக்கூடும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தமிழ்க் கவிதைக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை. எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று கவிதை ஒன்று வாசகரிடம் போய்ச் சேர்வதற்குள் பல கைகளைக் கடந்தாக வேண்டும். வெள்ளைத்தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் உள்ளே வைத்து அனுப்புவார்கள். ஆசிரியர் படிப்பார், அல்லது படிக்காமல் அடுக்கில் வைப்பார். பிடித்திருந்தால் ஓர் அஞ்சலட்டை வரும். கடைசி இரண்டு வரி வேண்டாம் என்ற யோசனையும் அதிலேயே இருக்கும். பிறகு அச்சகத்தில் ஒருவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். வரியை எங்கே முறிப்பது என்று கவிஞர் ஒன்று நினைத்திருக்க, பக்கத்தின் அகலம் வேறொன்றை முடிவு செய்யும். டிரெடில் ஓடி, மடித்து, முகவரி எழுதி, தபாலில் சேர்த்து, இதழ் கைக்கு வரும்போது இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். அதற்குள் கவிஞருக்கே அந்தக் கவிதை அலுத்திருக்கலாம். அலுக்காமல் நின்றதென்றால் அதில் ஏதோ இருந்தது என்று பொருள்.

இன்று இந்தக் கைகள் எதுவும் நடுவில் இல்லை. எழுதியவரே ஆசிரியர், அச்சுக்கோப்பவர், தபால்காரர். வரி எங்கே முறிய வேண்டும் என்று நினைத்தாரோ அங்கே முறிகிறது. ஊர், பட்டம், யார் சிபாரிசு என்று எவரும் கேட்பதில்லை. சிற்றிதழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத வீட்டுப் பிள்ளைகள் கவிதை எழுதுகிறார்கள் என்றால் அதற்கு இந்தத் திறந்த கதவு முக்கியமான காரணம். பழைய முறையை நினைத்து ஏங்குகிறவர்கள் (எனக்கும் அந்த ஏக்கம் உண்டு) அந்த முறை எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சமூகப் பிரச்சினைகளை எழுதுவதில் ‘எழுத்து’ தலைமுறைக்கு ஒரு தயக்கம் இருந்தது. ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா, பிரமிள், சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன் என்று அந்த வட்டத்தின் பெயர்கள் இன்று பாடப்புத்தகம்வரை வந்துவிட்டன. 1962இல் செல்லப்பா தொகுத்த ‘புதுக்குரல்கள்’ 24 பேரின் 63 கவிதைகள் கொண்டது. பெரும்பாலும் தனிமனிதனின் மனம்தான் அவற்றின் களம். நகரத்தை நேராக நின்று பார்த்தவர் சி. மணி, அவருடைய ‘நரகம்’ என்ற நீள்கவிதை சென்னையின் மாலைப்பொழுதில் நடக்கும் ஒருவனோடு கூடவே நடந்தது.

வாசல் வெளிப்பக்கம் திறந்தது 1971இல், கோவையில். ‘வானம்பாடி’ விலையில்லாக் கவிமடலாக வந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, அக்கினிபுத்திரன், முல்லை ஆதவன் என்று பலர் கூடிய இயக்கம் அது. வறுமை, வேலையில்லாத் திண்டாட்டம், சாதி, போலிச் சுதந்திரம் எல்லாம் கவிதைக்குள் வந்தன. 1974இல் வந்த மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ கல்லூரி மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் கையால் நகலெடுக்கப்பட்டது. பெங்களூருவில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பெல் போன்ற பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழர்களுக்கு இந்தக் குரல் பிடித்துப்போனதில் வியப்பில்லை. மேடையில் படிக்க ஏற்ற கவிதை அது. 1950இல் தொடங்கிய பெங்களூரு தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது, தொம்மலூரிலிருந்து சிறிது தூரம்தான். அது போன்ற அரங்குகளில் கவிஞர் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை காதுக்கு, இரண்டாவது முறை கைதட்டலுக்கு. கைதட்டல் போதாவிட்டால் மூன்றாவது முறையும் உண்டு.

அந்தக் கவிதைகளை இப்போது எடுத்துப் படித்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது. கோபம் உண்மையானது, முகவரிதான் இல்லை. ஏழை வருகிறான், எந்த ஊர் ஏழை என்று தெரிவதில்லை. ‘சமூகமே’ என்று விளிக்கிறார்கள், அந்தச் சமூகத்தில் யாருக்கு எந்தத் தெருவில் வீடு என்பது கவிதைக்குள் வருவதில்லை. எழுதியவர்களில் கணிசமானோர் தமிழாசிரியர்கள். ஒடுக்கப்பட்டவருக்காகப் பேசினார்கள், ஒடுக்கப்பட்டவர் பேசுவதற்கு இன்னும் காலம் இருந்தது.

இந்த இடத்தில் பெங்களூருக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. 1970களின் இறுதியில் தமிழவன், ஜி.கே. ராமசாமி, காவ்யா சண்முகசுந்தரம் உள்ளிட்டோர் இங்கிருந்து ‘படிகள்’ இதழைக் கொண்டுவந்தார்கள். மார்க்சியத்தையும் அமைப்பியலையும் தமிழில் விவாதித்த இதழ் அது. சண்முகசுந்தரத்தின் ‘காவ்யா’ பதிப்பகம் தொம்மலூருக்கு அடுத்த இந்திரா நகரில் இயங்கியது. தமிழ்நாட்டு வாசகர் ஒரு காலத்தில் தமிழ்ப் புத்தகத்துக்காக பெங்களூரு இந்திரா நகர் முகவரிக்குப் பணவிடை அனுப்பினார் என்பதை இன்று சொன்னால் நம்ப ஆள் குறைவு. அந்த இந்திரா நகரில் இப்போது காபிக்கடைகளும் மதுக்கூடங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. ‘காவ்யா’ சென்னைக்குப் போய்விட்டது.

கன்னடத்தின் பக்கத்தில் இருந்ததால் இங்குள்ள தமிழருக்கு இன்னொன்றும் முன்கூட்டியே கிடைத்தது. 1975இலேயே சித்தலிங்கையாவின் ‘ஹொலெமாதிகர ஹாடு’ வந்துவிட்டது. பெங்களூருவின் ஸ்ரீராமபுரக் குடிசைப்பகுதியில் வளர்ந்து, தன் சாதிப் பெயரையே நூலின் தலைப்பில் வைத்த கவிஞர் அவர். தமிழில் தலித் கவிதை ஓர் அலையாக எழுந்தது 1990களில், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி. நடுவே பதினைந்து ஆண்டு இடைவெளி. சித்தலிங்கையாவின் தன்வரலாறு ‘ஊரும் சேரியும்’ என்று தமிழுக்கு வந்தது பாவண்ணன் மூலம். பெங்களூருவில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர் அவர். பெங்களூருப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த நஞ்சுண்டன் கவிதையும் எழுதினார், கன்னடத்திலிருந்து மொழிபெயர்க்கவும் செய்தார், 2019இல் மறைந்தார். சித்தலிங்கையாவை 2021இல் கொரோனா கொண்டுபோனது. இரு மொழிக்கும் நடுவே நின்று இரண்டையும் படித்த அந்தத் தலைமுறைக்கு இணையாக இன்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சட்டென்று பெயர் வருவதில்லை. கன்னடம் பேசத் தெரிந்த தமிழ் இளைஞர்கள் இங்கே ஏராளம். கன்னடக் கவிதை படிக்கிறவர்கள் அருகிவிட்டார்கள்.

1991ஐத் தாண்டாமல் பெங்களூருத் தமிழ்க் கவிதையைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஆண்டு அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் மூடியே வைக்கப்பட்டது. டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் நகரில் கலவரம். தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்த டிசம்பரைப் பற்றித் தமிழில் நான் படித்த கவிதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சென்னையிலும் மதுரையிலும் இருந்தவர்கள் எழுதியவைதான் அவற்றிலும் கூடுதல். சம்பவம் நடந்த தெருவில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டும் அல்லவா?

2016 செப்டம்பரில் காவிரிக்காக மறுபடியும் பேருந்துகள் எரிந்தபோது நிலைமை வேறு. அன்றிரவே கவிதைகள் வந்தன, பெங்களூருக்குள்ளிருந்தே வந்தன. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டி, அதன் ஓட்டுநர், எழுதியவரை உள்ளே வைத்துக் கதவடைத்துக் காத்த கன்னட வீட்டுக்காரர் என்று ஆட்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். இடையில் 2009 ஆகஸ்ட் 9 அன்று, பதினெட்டு ஆண்டு கழித்து, வள்ளுவர் சிலையைக் கருணாநிதி திறந்துவைத்தார். கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைகளுக்குக் கிடைத்த நியாயம் மனிதர்களுக்கும் கிடைத்ததா என்று கேட்கும் துணிவு 2016இன் கவிதைகளில் இருந்தது. 1991இல் அது இல்லை. இது சிறிய ஆதாயமில்லை.

இந்த மாற்றத்தின் வேர் பெங்களூருக்கு வெளியே இருக்கிறது. 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ 31 பேரின் 82 கவிதைகளைத் தொகுத்தது. போரை எழுதியவர்கள் போருக்குள் இருந்தவர்கள். அடுத்த ஆண்டே பத்துப் பெண்களின் 24 கவிதைகளோடு ‘சொல்லாத சேதிகள்’. தமிழ்நாட்டில் அந்தத் திருப்பம் 2000ஐ ஒட்டி நடந்தது. சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோரின் தொகுப்புகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தன. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததற்காக நடந்த சண்டையை இன்றைய கல்லூரி மாணவிகளிடம் சொன்னால், இதற்கா இத்தனை கூச்சல் என்று கேட்கிறார்கள். பெங்களூருவின் வாசலான ஒசூரிலிருந்து ஆதவன் தீட்சண்யா சாதியை எள்ளல் கலந்து எழுதினார். அவருடைய ‘புறத்திருந்து’ 1996இல் வந்தது. அவள், அவன், அவர்கள் என்று படர்க்கையில் இருந்த சமூகப் பிரச்சினை ‘நான்’ என்று தன்மைக்கு வந்தது. முகவரி கிடைத்துவிட்டது.

விருதை எதிர்கொள்ளும் விதமும் மாறியது. மறைந்த கவிஞர் இன்குலாபுக்கு 2017இல் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். 2023இல் சுகிர்தராணி ‘தேவி’ விருதை மறுத்தார்; விழாவின் முதன்மைப் புரவலர் அதானி குழுமம் என்பது காரணம். எழுதியதற்கும் நடந்துகொள்வதற்கும் கணக்கு நேராக வேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பது இன்றைய வழக்கம். அன்று மேடையில் புரட்சி பேசிவிட்டு அமைச்சர் கையால் பொன்னாடை வாங்கிக்கொள்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி தொம்மலூரின் கல்லுக்கு வருகிறேன். இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஊர்ப்பெயர் அவற்றில் ஏறக்குறைய இப்போது சொல்வதுபோலவே இருக்கிறது. அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததை 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. இன்னொன்று ஒரு கணவனும் மனைவியும் சலப்பள்ளி ஊரின் வருவாயையும் விண்ணமங்கலம் ஏரியின் வருவாயையும் கோயிலுக்கு விட்டதைச் சொல்கிறது. ஹொய்சள வீர ராமநாதன் தொம்மலூர் வருவாயில் ஒரு பங்கைக் கொடுத்ததற்கும் கல் இருக்கிறது. யார், எதை, எந்த ஏரியிலிருந்து என்று பெயர் சொல்லி வெட்டியதால்தான் எழுநூறு ஆண்டு கழித்தும் நம்மால் நம்ப முடிகிறது.

தொம்மலூர் ஏரியில் இப்போது தண்ணீர் இல்லை. அந்தப் படுகையில் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் (பி.டி.ஏ.) லேஅவுட் வந்து நாளாகிறது. பக்கத்துச் சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். கோரமங்கலா ஏரியில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கான அடுக்குமாடிகள். இந்தப் பள்ளத்தாக்கின் கழிவுநீர் போய்ச் சேரும் பெல்லந்தூர் ஏரி 2015இலும் 2017இலும் 2018இலும் தீப்பற்றி எரிந்தது. 2024 கோடையில் நகரின் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் ஏழைகளுக்கென மாநகராட்சி வைத்திருந்த குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன; தமிழ் பேசும் வீட்டு வேலைக்காரப் பெண்கள் பலர் அவர்களில் உண்டு. ஒரு கவிஞர் தொம்மலூரில் நின்று அரைமணி நேரம் நடந்தால் இத்தனையும் காலில் படும்.

படுகிறதா? பாதிதான். இங்கு வேலை பார்க்கும் தமிழ்க் கவிஞர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அவர்களுடைய பிரச்சினைகள் கைப்பேசி வழியாக வருகின்றன: தூத்துக்குடி, சென்னை, டெல்லி, காசா. அவை எழுதப்பட வேண்டியவையே. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தண்ணீர் லாரி மட்டும் கவிதைக்குள் வர ஏனோ கூச்சப்படுகிறது. சி. மணி சென்னைக்குச் செய்ததை பெங்களூருக்குத் தமிழில் செய்த நீள்கவிதை ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. விமான நிலையம் 2008 மே மாதம் தேவனஹள்ளிக்குப் போய், தலைக்கு மேல் பறந்த பயணிகள் விமானங்களின் இரைச்சல் அடங்கிய ஊர் இது. மென்பொருள் வளாகத்துக்கு எதிரே காலையில் கூலிக்கு ஆள் பிடிக்கும் ஊர். இதற்குமேல் என்ன பொருள் வேண்டும்?

வேகம் இன்னொரு கணக்கு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதை மையமாக்கிய இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலாக வந்தது 1975இல். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கில் கவிதைகள். இப்போதெல்லாம் முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே கவிதை வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவை தேவைப்பட்டன, பலருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தன. ஓராண்டு கழித்து அவற்றைத் தேடினால் எழுதியவருக்கே அகப்படாது. மெதுவாக வந்தது இன்றும் அச்சில் கிடைக்கிறது. வேகமாக வந்தது உரிய நேரத்தில் உதவிவிட்டுப் போய்விட்டது. இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வராது. ஆனால் முதலாவது வகை எழுதுவதற்கான பொறுமை குறைந்துவருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

நூலின் கதையும் அப்படித்தான். அன்று ஆயிரம் பிரதி அச்சிட்டு, அறுநூறைப் பரணில் ஏற்றி, மனைவியின் திட்டை வாங்கியவர்கள் கவிஞர்கள். செல்லப்பா புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக அலைந்தது தமிழுலகம் அறிந்த கதை. இன்று தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சிடலாம். பரண் மிச்சம். 2022 டிசம்பரில் பெங்களூரு தமிழ்ச் சங்க வளாகத்தில் முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தது. 2019இலிருந்து தொம்மலூரிலேயே பெங்களூரு சர்வதேச மையத்தின் கட்டடம் இருக்கிறது. கவிதை வாசிப்பு நடக்க அருமையான அரங்கு. இடத்துக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வேறொன்றுக்கு. அன்று கவிதை வெளிவந்த அடுத்த இதழில் ‘இது கவிதையே இல்லை’ என்று நான்கு பக்கக் கடிதம் வரும். எழுதியவர் அதற்கு மறுப்பு எழுதுவார். மூன்றாம் இதழில் மூன்றாமவர் புகுந்து இருவரையும் சாடுவார். அதில் காழ்ப்பும் இருந்தது, குழுச்சண்டையும் இருந்தது. ஆனால் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் திட்டினார்கள். இன்று சமூகப் பிரச்சினையைப் பற்றிய கவிதைக்குக் கீழே இதயக்குறியும் கைகூப்பும் குவிகின்றன. பிரச்சினையில் நாம் எந்தப் பக்கம் என்பதைத்தான் அவை சொல்கின்றன; கவிதை எப்படி என்பதைச் சொல்வதில்லை. குறை சொன்னால் பாதிக்கப்பட்டவரையே குறை சொன்னதாகிவிடுமோ என்று நல்ல வாசகர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சொல்லப்போனால் தன் வலியைத் தானே எழுதுகிறவருக்குத்தான் கறாரான வாசகர் அதிகம் தேவை. அவருடைய பொருள் அத்தனை பெறுமதியானது.

ஆகவே படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் நண்பரின் கவிதை திரையில் வரும்போது இதயக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த வரி நின்றது, எது தேவையில்லை, எந்தத் தெருவின் பெயர் விடுபட்டது என்று நான்கு வாக்கியம் அவருக்கு எழுதுங்கள்.